ஒன்ராறியோ ஏரிகளுக்கு அலுமினியப் படகு: எந்தக் கம்பனியை எடுப்பது?

வசந்தம் தொடங்கினால் போதும், ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்து நம் ஆட்களிடையே இந்தக் கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். "லண்ட் நல்லதோ, பிரின்ஸ்கிராஃப்ட் நல்லதோ? ட்ராக்கர் மலிவாக் கிடக்கு, எடுக்கலாமோ?" கரையில் நின்று தூண்டில் போட்டு அலுத்தவர்களும், நண்பரின் படகில் போய் ருசி கண்டவர்களும், பிள்ளைகளோடு போக ஒரு படகு வேண்டும் என்று நினைப்பவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

கம்பனிப் பெயரைக் கடைசியில் பாருங்கள் என்பதுதான் என் பதில். எந்த ஏரிக்குப் போகப்போகிறீர்கள், எந்த வாகனம் இழுக்கும், எத்தனை பேர் ஏறுவீர்கள், பழுதானால் யார் திருத்துவார் என்ற நாலுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பட்டியலில் இரண்டு மூன்று பெயர்கள்தான் மிஞ்சும். அந்த மூன்றில் எதை எடுத்தாலும் பெரிய பிழை வராது.

ஊரில் கண்ணாடி நார்ப் படகுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அலுமினியம் கொஞ்சம் அந்நியமாகத் தெரியலாம். காரைநகர் சீநோர் வள்ளங்கள் எங்கள் கடலுக்குச் சரியாக வந்தவை. இங்கே நிலைமை வேறு. படகு வருடத்தில் பாதி நாள் வீட்டு முற்றத்தில் பனிக்குள் கிடக்கும். ஒவ்வொரு முறையும் ட்ரெயிலரில் ஏற்றி இறக்க வேண்டும். வடக்கே போனால் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கருங்கல் நிற்கும். இந்த வாழ்க்கைக்கு எடை குறைந்த, அடிபட்டால் நெளிந்து தாங்கிக்கொள்ளும் அலுமினியம்தான் பொருத்தம்.

முதலில் ஏரி

ஸ்கூகொக் ஏரியின் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. பாசி நிறைய. அங்கேயும் ரைஸ் லேக்கின் கரையோரங்களிலும் பேர்ச், புளூகில், பாஸ் பிடிப்பதுதான் உங்கள் திட்டம் என்றால் 14 அடிப் படகு தாராளம். தட்டையான அடியுள்ள ஜோன் படகும் ஓடும். கையால் பிடித்துத் திருப்பும் 9.9 அல்லது 20 குதிரைவலு மோட்டர் போதும். இதற்குமேல் செலவழிக்க ஒரு தேவையும் இல்லை.

சிம்கோ ஏரி வேறு கதை. விடியற்காலையில் கண்ணாடிபோலக் கிடக்கும் தண்ணீர், காற்று மாறினால் மதியத்துக்குள் கிட்டக்கிட்ட எழும் செங்குத்தான அலைகளாகிவிடும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் திறந்த வெளி அது. அங்கே அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவத்திலும், பக்கச்சுவர் உயரமாகவும், நீளம் குறைந்தது 16 அடியாகவும் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 14 அடிப் படகில் சிம்கோ நடுவுக்குப் போய்வந்த கதைகளை எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். பிள்ளைகளை ஏற்றப்போகிற ஒருவர் அதைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

ஸ்காபரோ புளஃபர்ஸ் பார்க்கில் இறக்கி ஒன்ராறியோ ஏரியில் சமன் மீனுக்குப் போகும் ஆசை இருந்தால் 18 அடிக்குக் கீழே யோசிக்காதீர்கள். ஜோர்ஜியன் விரிகுடாவுக்கும் அதே கணக்குத்தான். அங்கே பாறையும் சேர்வதால் அடித் தகடு எவ்வளவு தடிப்பு என்பதையும் கேட்க வேண்டும்.

ஒரு ஏரியை மனதில் வைத்து வாங்குங்கள். எல்லா ஏரிக்கும் ஒரே படகு என்று தேடினால் விலை இரட்டிப்பாகும், ஸ்கூகொக்கின் பாசிக்குள் ஓட்டவும் கஷ்டப்படும்.

இழுக்கும் வாகனம்

இதைத்தான் பலர் மறக்கிறார்கள். படகின் எடை என்று விளம்பரத்தில் போட்டிருப்பது வெறும் படகின் எடை. மோட்டர், ட்ரெயிலர், நிரப்பிய எரிபொருள், பற்றரி, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் அதற்கு மேலே. ஒரு சாதாரண 14 அடிப் படகு எல்லாம் சேர்த்து 800 இறாத்தல் அளவில் வரும். 60 குதிரைவலு பூட்டிய 16 அடிப் படகு 2,000 இறாத்தலைத் தாண்டும். 150 குதிரைவலுவோடு 18 அடி என்றால் 3,500-ஐத் தொடும்.

இனி உங்கள் வாகனத்தின் கையேட்டைத் திறந்து பாருங்கள். டொயோட்டா சியென்னா 3,500 இறாத்தல் இழுக்கும். சாதாரண ராவ்4 பெரும்பாலும் 1,500 தான். ஒரே மாதிரிப் பெயருள்ள வாகனத்திலேயே தரத்துக்குத் தரம் மாறும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் இழுக்கிறார் என்று நம்பி வாங்க வேண்டாம். ஒன்ராறியோவில் ட்ரெயிலரின் மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் போனால் அதற்குத் தனி பிரேக் இருக்க வேண்டும். இழுவைத் திறனின் எல்லையில் நிற்கிற வாகனம் சமதரையில் இழுத்துவிடும். சறுக்குத்தளத்தில், நனைந்த பாசிமேல், படகை மேலே இழுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ரிவெட்டா, வெல்டிங்கா?

அலுமினியப் படகுக்காரர் இரண்டு பேர் சந்தித்தால் கடைசியில் இந்தச் சண்டையில்தான் வந்து நிற்பார்கள். தகடுகளை ஆயிரக்கணக்கான ரிவெட் ஆணிகளால் பொருத்துவது ஒரு வழி. ஓரங்களை உருக்கி ஒட்டுவது மற்றது. ரிவெட் முறை விமானத் தொழிலில் இருந்து வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, போர்க்காலத்தில் விமானப் பாகங்கள் செய்த பட்டறைகள் கையில் இருந்த அலுமினிய அனுபவத்தைப் படகில் இறக்கின. அலுமாகிராஃப்ட் அப்படித்தான் 1946-இல் மினசோட்டாவில் பிறந்தது.

ரிவெட் படகு அலையில் சிறிது வளைந்து கொடுக்கும். வருடங்கள் போகப்போக சில ஆணிகள் தளர்ந்து துளித்துளியாகக் கசியலாம். தளர்ந்த ஆணியைத் திரும்ப இறுக்கலாம், அல்லது எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம். கையில் திறமை உள்ளவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. வெல்டிங் படகில் கசிய ஆணியே இல்லை. மெல்லிய தகட்டை நன்றாக ஒட்ட முடியாது என்பதால் தகடும் பெரும்பாலும் தடிப்பாக இருக்கும். ஆனால் ஒட்டிய இடத்தில் வெடிப்பு விழுந்தால் அலுமினியம் ஒட்டத் தெரிந்த ஆளைத் தேடிப் போக வேண்டும். அப்படிப்பட்டவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்.

நல்ல ரிவெட் படகு மோசமான வெல்டிங் படகைவிட நீண்ட நாள் உழைக்கும், மாறியும் அப்படியே. நான் கேட்கும் கேள்விகள் வேறு. அடித் தகடு எவ்வளவு தடிப்பு? 0.080 அங்குலம் சிறிய படகுக்குச் சரி. 16 அடிக்கு மேல் 0.100 இருந்தால் நல்லது. கல் உள்ள தண்ணீருக்கு 0.125 இருந்தால் நிம்மதி. அடியில் குறுக்கே எத்தனை விலா வைத்திருக்கிறார்கள், அவை பக்கச்சுவர்வரை ஏறுகின்றனவா? மோட்டர் பூட்டும் பின்பலகையின் உள்ளே என்ன இருக்கிறது, மரமா, வேறு பொருளா? காட்சியறையில் படகின் ஒரு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆணிகள் ஒரே வரிசையில் ஓடுகிறதா, ஒட்டிய கோடு ஒரே அகலத்தில் சீராக இருக்கிறதா, வயர்கள் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றனவா, இல்லை தொங்குகின்றனவா என்று கைவிளக்கை அடித்துப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒழுங்காக வேலை செய்த தொழிற்சாலையை நம்பலாம்.

யார் யாருடைய பிள்ளை?

கம்பனிகளை ஒப்பிடும்முன் உரிமையாளர் யார் என்று தெரிந்திருப்பது நல்லது. லண்ட், கிரெஸ்ட்லைனர், லோ, கியூபெக்கின் பிரின்ஸ்கிராஃப்ட் நான்கும் பிரன்ஸ்விக் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் உள்ளன. மெர்க்குரி மோட்டரும் அவர்களுடையதே. அதனால்தான் இந்தப் படகுகளின் பின்னால் அநேகமாக எப்போதும் மெர்க்குரி தொங்குகிறது. ஒருகாலத்தில் எதிரிகளாக நின்ற லண்டும் கிரெஸ்ட்லைனரும் இன்று மினசோட்டாவின் நியூயோர்க் மில்ஸ் என்ற ஒரே சிற்றூரில் கட்டப்படுகின்றன. ட்ராக்கர் பாஸ் ப்ரோ கடைகளின் குடும்பம். ஜி3 யமஹாவினுடையது. அலுமாகிராஃப்டை 2018-இல் ஸ்கிடூ பனிவண்டி செய்யும் பிஆர்பி வாங்கியது. 2024-இல் படகுத் தொழிலை விற்கப்போவதாக அறிவித்தது. இப்படிக் கைமாறும் காலத்தில் புதிதாக வாங்குபவர், உத்தரவாதத்துக்கு இனி யார் பொறுப்பு என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கி வைப்பது அவசியம்.

இனி ஒவ்வொன்றையும் பற்றி என் கணிப்பு.

லண்ட்: 1948-இல் தொடங்கியது, ரிவெட் படகு. வாலாய் (walleye) மீன் பிடிப்பவர்களின் செல்லம். அலையை வெட்டும் முன்புறம், மேலே தண்ணீர் தெறிக்காத சவாரி, நன்றாக யோசித்து வைத்த தூண்டில் பெட்டிகள். விலை அதிகம். ஆனால் பத்து வருடம் கழித்து விற்கும்போது அந்தக் காசின் நல்ல பங்கு திரும்பி வரும். வடக்கே போனால் மீன்பிடி முகாம்களில் வரிசையாக நிற்பதும் பெரும்பாலும் இதுவே.

கிரெஸ்ட்லைனர்: வெல்டிங் படகு. லண்டின் அளவுக்குப் பெயர் பேசப்படாததால் பழைய படகுச் சந்தையில் நல்ல பேரம் கிடைக்கும். ரிவெட் வேண்டாம் என்று மனம் வைத்தவர் முதலில் பார்க்க வேண்டியது.

பிரின்ஸ்கிராஃப்ட்: கியூபெக்கின் பிரின்ஸ்வில்லில் செய்வது. ஒன்ராறியோ, கியூபெக் முழுக்க விற்பனையாளர்கள் உண்டு. விலைக்கு ஏற்ற வேலை. கனடாவிலேயே கட்டப்படுவதால் பாகம் தேடி அலைய வேண்டியது குறைவு. முதல் படகு வாங்கும் குடும்பத்துக்கு, பக்கத்தில் நல்ல விற்பனையாளர் இருந்தால், நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

அலுமாகிராஃப்ட், ஸ்டார்கிராஃப்ட்: இரண்டும் பழைய, அனுபவமுள்ள பெயர்கள். நேர்மையான ரிவெட் படகுகள். பழையதாகத் தேடும்போது இவற்றை விட்டுவிடாதீர்கள்.

ட்ராக்கர்: 1978-இல் பாஸ் ட்ராக்கர் வந்தபோது படகு, மோட்டர், ட்ரெயிலர் மூன்றையும் சேர்த்து ஒரே விலையில் விற்றது. அதுவே பிறகு எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. வான் மில்ஸ் பாஸ் ப்ரோவில் நேரே போய்த் தொட்டுப் பார்க்கலாம். விலை எழுதி ஒட்டியிருக்கும், பேரம் பேசும் தொல்லை இல்லை. மலிவான மாடல்களில் சிறிய மோட்டரைப் பூட்டி விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். அதை மட்டும் கவனியுங்கள். அமைதியான தண்ணீருக்குக் குறைந்த விலையில் புதுப்படகு வேண்டும் என்பவருக்கு இது சரியான தெரிவு. சிம்கோவுக்கு என்றால் அவர்களுடைய ஆழமான 'வி' மாடல்களை மட்டும் பாருங்கள்.

லெஜண்ட்: சட்பரிக்கு அருகிலிருந்து இயங்கும் ஒன்ராறியோக் கம்பனி. இதுவும் எல்லாம் சேர்த்த விலை. மாதத் தவணையைப் பெரிதாகப் போட்டு விளம்பரம் வரும். மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்காமல், எத்தனை வருடம், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். எந்தக் கம்பனியிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும். படகுக் கடன் 15 வருடம், 20 வருடம் என்று இழுபடும்.

மோட்டரும் அந்தச் சிறிய தகடும்

சிறிய படகுகளில் உள்ளே ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதிகபட்சம் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைவலு என்று அதில் இருக்கும். அந்தக் குதிரைவலுவைத் தாண்டாதீர்கள், காப்புறுதியும் சிக்கலாகும். அதேநேரம் மிகவும் குறைத்து வாங்குவதும் தவறு. 60 வரை தாங்கும் படகில் 25 பூட்டினால் நாலு பேர் ஏறியதும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழும். தகட்டில் உள்ள எண்ணின் முக்கால் பங்குக்குக் கீழே போகாமல் இருப்பது என் அளவுகோல்.

யமஹா, மெர்க்குரி, சுசுகி, ஹொண்டா எதுவானாலும் இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் (four-stroke) இயந்திரங்கள் நல்லவை. உங்களுக்கு அரை மணி நேர ஓட்டத்தில் திருத்துபவர் இருக்கிற மோட்டரே உங்களுக்கு நல்ல மோட்டர். பழைய படகில் எவின்ரூட் பூட்டியிருந்தால், அதன் தயாரிப்பு 2020-இல் நின்றுவிட்டது என்பதை மனதில் வைத்து விலை பேசுங்கள்.

பழைய படகைச் சோதிப்பது

முதல் படகு பழையதாக இருப்பதே நல்லது. அலுமினியம் முப்பது வருடம் உழைக்கும். விற்பவர் "அண்ணை, ஒரு சொட்டும் ஒழுகாது" என்பார். ஒழுகாது என்பதை நீங்களே பார்க்கலாம். படகு ட்ரெயிலரில் இருக்கும்போதே வடிகால் பிளக்கை இறுக்கி, தோட்டக் குழாயால் உள்ளே மூன்று நான்கு அங்குலத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அதற்குமேல் வேண்டாம், ட்ரெயிலர் தாங்காது. பத்து நிமிடம் பொறுத்து, கீழே குனிந்து, அடியை ஒரு முனையிலிருந்து கைவிரலால் தடவிக்கொண்டு வாருங்கள். கசியும் ஆணியின் தலையில் முத்துப்போல ஒரு துளி நிற்கும். சோக்கட்டியால் வட்டமிடுங்கள். ஐந்தாறு வட்டம் என்றால் கவலையில்லை, விலையைக் குறைக்கக் கேட்கலாம். அணியத்துக்கு (படகின் முன்புறம்) கீழே ஒரே வரிசையில் இருபது வட்டம் விழுந்தால் அந்தப் படகு கல்லிலோ கடும் அலையிலோ அடி வாங்கியது. விட்டுவிடுங்கள்.

அடுத்தது பின்பலகை. மோட்டரைச் சற்று உயர்த்தி வைத்து, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அமர்த்துங்கள். பலகை அசைந்தால் உள்ளே மரம் உக்கிப்போயிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் இறுக்கமான ஓசை தரும், உக்கியது மொத்தென்று கேட்கும். மாற்றலாம், ஆனால் அது மோட்டரைக் கழற்றிச் செய்யும் வேலை.

தரையில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். எங்கே அமுங்குகிறதோ அங்கே மரம் போய்விட்டது. முன்னைய உரிமையாளர் தரையை மாற்றியிருந்தால் என்ன பலகை போட்டார் என்று கட்டாயம் கேளுங்கள். வெளித்தளங்களுக்குப் பாவிக்கும் மருந்தேற்றிய பலகையில் செம்பு இருக்கும். செம்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துத் துளை போட்டுவிடும். தரைக்கடியில் விழுந்த ஒரு செம்புச் சில்லறைக் காசுகூட அந்த வேலையைச் செய்யும். அப்படிப் பலகை போட்ட படகு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பின்புறம் வலது பக்க மேல் மூலையில் 12 எழுத்தும் எண்ணுமாக ஒரு தொடர் பொறித்திருக்கும். கடைசி இரண்டு எண்ணும் மாடல் வருடம். விற்பவர் சொன்ன வருடத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அந்தத் தொடரை வைத்து, படகின் மேல் வங்கிக் கடன் எதுவும் நிலுவையில் இல்லை என்பதையும் தேடி உறுதிசெய்யலாம். கடனோடு வாங்கினால் கடன்காரர் படகைத் தேடி உங்கள் வீட்டுக்கு வருவார்.

பிறகு தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். குளிர்ந்த மோட்டரை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஆற விட்டு மறுபடி கேளுங்கள்.

விற்பனையாளரும் காலமும்

புதுப்படகு என்றால் ஜனவரியில் ரொறன்ரோ எனர்கேர் மண்டபத்தில் நடக்கும் படகுக் கண்காட்சிக்குப் போங்கள். எல்லாக் கம்பனிப் படகுகளிலும் ஏறி நின்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. இருக்கையில் உட்காருங்கள், இருவர் ஒரு பக்கமாக நின்று பாருங்கள், பிள்ளையின் இடுப்புக்கு மேலே பக்கச்சுவர் வருகிறதா என்று அளவெடுங்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய படகுக்கு ஒக்ரோபர், நவம்பர் நல்ல மாதங்கள். குளிர்காலப் பராமரிப்புக்கும் இடத்துக்கும் காசு செலவழிக்க விரும்பாதவர்கள் அப்போதுதான் விற்பார்கள். மே மாதத்தில் அதே படகுக்கு விலை ஏறிவிடும்.

விலை கேட்கும்போது 13 சதவீத வரி, ட்ரெயிலர், தயாரிப்புக் கட்டணம், பொருத்துக் கூலி எல்லாம் சேர்த்த கடைசித் தொகையைக் கேளுங்கள். உத்தரவாதத்தில் 'வாழ்நாள்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் படகின் உடலுக்கு, அதுவும் முதல் உரிமையாளருக்கு. இரண்டாவது ஆளுக்கு எவ்வளவு மாறும் என்று கேட்டு வையுங்கள். ஜூலை நடுவில் பழுதானால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்கள் என்றும் கேளுங்கள். அங்கே ஏற்கனவே வாங்கிய ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். இந்த ஒரு பதிலுக்காக நான் எனக்குப் பிடித்த கம்பனியையே மாற்றுவேன்.

தண்ணீரில் இறக்கும்முன்

மோட்டர் பூட்டிய எந்தப் படகையும் ஓட்ட இயக்குநர் அட்டை வேண்டும். இணையத்திலேயே படித்துப் பரீட்சை எழுதலாம், வாழ்நாள் முழுக்கச் செல்லும். மோட்டர் 10 குதிரைவலு அல்லது அதற்கு மேல் என்றால் படகுக்கும் உரிமம் எடுக்க வேண்டும். அந்த எண்ணை அணியத்தின் இரு பக்கமும் 7.5 சென்டிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், பின்னணியிலிருந்து தெளிவாகத் தெரியும் நிறத்தில் ஒட்டுங்கள். ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான மிதவைச் சட்டை சட்டப்படி படகில் இருக்க வேண்டும். மே மாதத் தண்ணீர் நீச்சல் தெரிந்தவரையும் சில நிமிடத்தில் செயலிழக்க வைத்துவிடும் என்பதால் அதை உடம்பில் போட்டுக்கொண்டே இருங்கள்.

ஏரியை விட்டு வெளியே வரும்போது வடிகால் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடியவிட்டு, ஒட்டிய பாசியை அகற்றிவிட்டுத்தான் படகை வீதியில் இழுக்கலாம். வேற்று ஏரிகளுக்கு வரிக்குதிரைச் சிப்பி போன்றவை பரவாமல் இருக்க 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் இது சட்டம். கழற்றிய பிளக்கை வாகனச் சாவியோடு கோர்த்து வைத்தால், அடுத்த முறை இறக்கும்முன் மறக்காமல் பூட்டுவீர்கள்.